வில்கின்சனின் போரிங் மெஷின் உண்மையில் என்ன செய்தது?

கேள்வி இதுதான்: நல்ல லேத் (கடைசல் இயந்திரம்) கிடையாது, நுண்ணளவு எடுக்கும் மைக்ரோமீட்டர் கிடையாது, மின்சாரம் கிடையாது. அப்படிப்பட்ட 1770-களில், ஓர் ஆள் உள்ளே புகுந்து உட்காரும் அளவுக்குப் பெரிய வார்ப்பிரும்பு சிலிண்டரின் உட்புறத்தை எப்படி வட்டமாகவும் நேராகவும் குடைந்தெடுத்தார்கள்?

"ஜான் வில்கின்சன் 1775-ல் ஒரு போரிங் மெஷின் செய்தார், அதனால்தான் ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் ஓடியது" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். தப்பில்லை. ஆனால் வில்கின்சன் என்ற இந்த இரும்பாலைக்காரருக்கு முன்பும் போரிங் மெஷின்கள், அதாவது குடையும் மெஷின்கள், இருந்தன, சிலிண்டர்களைக் குடைந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் இவர் புதிதாக என்ன செய்தார்? கூரான டூல் (வெட்டும் உளி) ஒன்றைக் கண்டுபிடித்தாரா? இல்லை. வேகமான மெஷினா? அதுவும் இல்லை. டூல் எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது என்பதை மாற்றினார், அவ்வளவுதான். இது புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தாமஸ் நியூகோமனின் நீராவி இயந்திரம் 1712-ல் இங்கிலாந்தில் டட்லி கோட்டைக்குப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தது. சிலிண்டரின் உள்விட்டம் 21 அங்குலம், நீளம் 8 அடிக்குக் கொஞ்சம் குறைவு. மேலே திறந்த சிலிண்டர். உள்ளே நீராவியை விட்டு, அதன் மேல் குளிர்ந்த தண்ணீரைப் பீச்சினால் நீராவி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனை வெளிக்காற்று கீழே அழுத்தும். வேலை செய்வது காற்றின் அழுத்தம்தான்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் காற்று உள்ளே புகுந்து வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். நியூகோமன் இதற்கு எளிமையான ஒரு வழி வைத்திருந்தார். பிஸ்டனின் விளிம்பில் தோல் வளையம், அதன் மேல் சில அங்குல உயரத்துக்குத் தண்ணீர். இடைவெளி வழியாக முதலில் இறங்குவது காற்று அல்ல, தண்ணீர். கொஞ்சம் தண்ணீர் உள்ளே கசிந்தால் என்ன, எப்படியும் உள்ளே தண்ணீரைப் பீச்சத்தானே போகிறோம்! சிலிண்டர் கோணல்மாணலாக இருந்தாலும் தோல் வளைந்து கொடுக்கும், மிச்சத்தைத் தண்ணீர் அடைத்துக்கொள்ளும். இயந்திரவியலில் இவ்வளவு பெருந்தன்மையான வடிவமைப்பு அரிது. அதனால்தான் அறுபது ஆண்டுகளுக்கு யாருக்கும் துல்லியமான சிலிண்டர் அவசரமாகத் தேவைப்படவில்லை.

அந்த முதல் சிலிண்டர்கள் பித்தளை. அவற்றைக் குடையவே இல்லை, தேய்த்தார்கள். அந்த வேலையைப் பற்றிய பழைய வர்ணனை ஒன்று உண்டு. வார்த்த சிலிண்டரை மரக்கட்டைகளின் மேல் படுக்க வைத்து, அதன் அடிப்பகுதியிலேயே ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஈயம் இறுகியதும் அது சிலிண்டரின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தும் கட்டியாகிவிடும். எமரி என்ற கடினமான கல்பொடியும் எண்ணெயும் பூசி, ஈயக் கட்டியின் இரு பக்கமும் கயிறு கட்டி, ஆட்களைக் குதிரைகள் போலப் பூட்டி முன்னும் பின்னும் இழுக்க விடுவார்கள். ஒரு பகுதி மழுமழுவென்று ஆனதும் சிலிண்டரைக் கால்வட்டம் புரட்டிப் போட்டு மறுபடியும் இழுப்பு. பார்க்க வழவழப்பாக வரும். வட்டமாக வருமா என்றால் வராது. ஈயக் கட்டி சிலிண்டரின் வடிவத்தை அச்செடுத்தது. சிலிண்டர் முட்டை வடிவில் இருந்தால் கட்டியும் அதே வளைவில் இருக்கும், தேய்த்து முடித்தால் வழவழப்பான முட்டை கிடைக்கும்.

பித்தளை விலை அதிகம். 1720-களில் கோல்புரூக்டேல் ஆலையில் வார்ப்பிரும்பு சிலிண்டர்கள் வர ஆரம்பித்தன. இரும்பைக் கையால் தேய்த்துக் கட்டுப்படியாகாது. பீரங்கிக் குழல் குடையும் மெஷின்களையே பெரிதாக்கி இதற்குப் பயன்படுத்தினார்கள். நீர்ச்சக்கரம் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். தண்டின் நுனியில் வெட்டும் தலை. அதைச் சுற்றி எஃகு டூல்கள் ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருக்கும். சிலிண்டரை ஒரு சட்டத்தின் மேல் கட்டி, கயிறும் கப்பியும் போட்டு மெல்ல மெல்லத் தலையை நோக்கி இழுப்பார்கள்.

இந்த வகையின் மிகச் சிறந்த மெஷின் ஸ்காட்லாந்தில் கேரன் இரும்பாலைக்காக 1769 வாக்கில் ஜான் ஸ்மீட்டன் வடிவமைத்தது. ஸ்மீட்டன் சாமானியர் இல்லை. எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர், நீர்ச்சக்கரங்களின் செயல்திறனை அளந்து பார்த்து ஆய்வு எழுதியவர். அவருக்குச் சிக்கல் எங்கே என்று நன்றாகவே தெரியும். ஒரு முனையில் மட்டும் பிடித்த நீண்ட தண்டின் மறுமுனையில் கனமான தலையைத் தொங்கவிட்டால் தண்டு தொய்யும். தலை கீழ்ப்பக்கமே அதிகம் வெட்டும். அதனால் தலையின் பாரத்தைத் தாங்க ஒரு சின்ன சக்கர வண்டியைச் சிலிண்டருக்குள்ளேயே ஓட விட்டார்.

நல்ல யோசனை போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்த வண்டி எதன் மேல் ஓடுகிறது? இன்னும் குடையாத, மணல் அச்சிலிருந்து வந்த கரடுமுரடான வார்ப்பின் மேல். சிலிண்டர் நீளவாக்கில் கொஞ்சம் வளைந்திருந்தால் வண்டி அந்த வளைவிலேயே போகும், வண்டி சுமக்கும் தலையும் அப்படியே போகும். ஒரு மேட்டில் ஏறினால் தலையும் ஏறும், பள்ளத்தில் இறங்கினால் அதுவும் இறங்கும். ஈயக் கட்டியில் இருந்த அதே நோய்தான், வேறு உருவத்தில். எதைத் திருத்த வேண்டுமோ அதையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் திருத்தம் எங்கிருந்து வரும்?

லேத் பட்டறையில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. டிரில் போட்ட ஓட்டை கோணலாகப் போயிருந்தால் ரீமர் (ஓட்டையை வழித்து அளவுக்குக் கொண்டுவரும் டூல்) போட்டுச் சரி செய்ய முடியாது. ரீமர் ஓட்டையைப் பின்தொடர்ந்து போகும், அளவையும் வழவழப்பையும் தரும், திசையைத் திருத்தாது. ஒற்றை முனை போரிங் டூல் போட்டால்தான் ஓட்டை நேராகும், ஏனென்றால் அதற்கு வழி சொல்வது ஓட்டை அல்ல, லேத்தின் படுகை, அதாவது அதன் நேரான அடித்தளம்.

ஸ்மீட்டனுக்குக் கேரன் மெஷின் போதுமானதாகத்தான் இருந்தது. அவர் கட்டியது நியூகோமன் வகை இயந்திரங்கள். 1775-ல் கார்ன்வாலில் சேஸ்வாட்டர் சுரங்கத்துக்காக 72 அங்குல சிலிண்டர் போட்ட பெரிய இயந்திரத்தையே கட்டினார். தண்ணீர் அடைப்பு இருக்கும்வரை கவலையில்லை.

கவலை வாட்டுக்கு வந்தது. 1765-ல் அவருக்குத் தோன்றிய யோசனை, நீராவியைச் சிலிண்டருக்குள்ளேயே குளிர வைக்காமல் வேறொரு பாத்திரத்துக்கு இழுத்து அங்கே குளிர வைப்பது. அப்படிச் செய்தால் சிலிண்டரை எப்போதும் சூடாகவே வைத்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் சிலிண்டரைக் குளிர்வித்து மறுபடி சூடாக்க வீணாகும் நிலக்கரி மிச்சம். ஆனால் சிலிண்டர் சூடாகவே இருக்க வேண்டும் என்றால் பிஸ்டன் மேல் தண்ணீர் ஊற்ற முடியாது. போதாததற்கு, வெளிக்காற்று பட்டுச் சிலிண்டர் குளிரக் கூடாது என்று அதன் மேல்வாயையும் மூடிவிட்டு, பிஸ்டனைக் கீழே தள்ளும் வேலையை நீராவிக்கே கொடுத்தார். இனி இடைவெளி வழியாகப் போவது காசு கொடுத்து வாங்கிய நிலக்கரி எரித்து உண்டாக்கிய நீராவி. நியூகோமன் விட்டுவைத்த பெருந்தன்மை மொத்தமும் இங்கே பறிபோய்விட்டது.

ஸ்காட்லாந்தில் கின்னீல் என்ற இடத்தில் அவர் கட்டிய சோதனை இயந்திரத்துக்கு 18 அங்குல சிலிண்டர். கேரனிலிருந்து வந்த வார்ப்பு உதவவில்லை, வெள்ளீயத்தைத் தட்டிச் செய்த சிலிண்டரையும் வைத்துப் பார்த்தார். இடைவெளியை அடைக்கத் தக்கை, எண்ணெயில் ஊறவைத்த துணி, காகிதம், பழைய தொப்பியின் கம்பளி, குதிரைச் சாணம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திணித்தார். எதுவும் நிற்கவில்லை. ஸ்மீட்டன் இந்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நுணுக்கமாக இதைச் செய்ய நாட்டில் கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பொறாமையில் சொன்னார் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறந்த போரிங் மெஷினை வைத்திருந்த மனிதர் தன் மெஷினின் எல்லையை அறிந்து சொன்ன பேச்சு அது.

இனி வில்கின்சன். வேல்ஸில் ரெக்ஸம் ஊருக்குப் பக்கத்தில், கிளைவெடாக் ஆற்றங்கரையில் பெர்ஷம் என்ற இடத்தில் அவருக்கு இரும்பாலை. பீரங்கி வார்ப்பது முக்கியத் தொழில். இரும்பின் மேல் அவருக்கு ஒரு வெறியே இருந்தது. 1787-ல் இரும்புப் படகு ஒன்றை ஆற்றில் மிதக்க விட்டார். சாகும்போது இரும்புப் பெட்டியில் வைத்துப் புதைக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வில்கின்சன் 1774 ஜனவரியில் வாங்கிய காப்புரிமை சிலிண்டர் மெஷினுக்கு அல்ல, பீரங்கி குடையும் முறைக்கு. இணையத்தில் பாதிக் கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. பீரங்கி மெஷினில் திடமாக வார்த்த பீரங்கியே படுத்தவாறு சுழலும். டூல் சுழலாமல் நேராக முன்னேறும். வேலைப்பொருள் சுழன்று டூல் நிற்கும்போது ஓட்டை சுழலும் அச்சை விட்டு விலகாமல் போகும், ஆழமான ஓட்டை போடுகிறவர்கள் இன்றைக்கும் கையாளும் உத்தி இது. இதே முறையை வுல்விச் அரசு ஆயுத ஆலையில் டச்சுக்காரரான யான் வெர்புருகன் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். வில்கின்சனின் காப்புரிமை 1779-ல் ரத்தானது. சிலிண்டர் மெஷினுக்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை.

பீரங்கியிலிருந்து சிலிண்டருக்கு அப்படியே தாவ முடியாது என்பதையும் கவனியுங்கள். பல டன் எடையுள்ள, உள்ளே வெற்றான, பெரிய விட்டமுள்ள வார்ப்பைச் சுழற்றினால் எடை ஒரு பக்கம் ஏறியிருக்கும் இடத்தில் எல்லாம் உதறும். ஆனால் சிலிண்டருக்குப் பீரங்கியிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. பீரங்கிக்கு ஒரு முனை அடைப்பு. சிலிண்டர் இரு பக்கமும் திறந்தது. டூலைத் தாங்கும் தண்டு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரலாம்.

அதைத்தான் வில்கின்சன் 1775-ல் செய்தார். சிலிண்டரை அசையாமல் ஒரு தொட்டில் போன்ற சட்டத்தில் வைத்து இறுக்கிவிட்டார். சிலிண்டரைவிட நீளமான, பருமனான இரும்புத் தண்டை அதற்குள் முழுதாக ஊடுருவவிட்டு, சிலிண்டருக்கு வெளியே இரண்டு பக்கமும் பேரிங்கில் உட்கார வைத்தார். நீர்ச்சக்கரம் பல்சக்கரங்கள் வழியாக இந்தத் தண்டைச் சுழற்றும். வெட்டும் தலை தண்டின் நுனியில் இல்லை. அது தண்டைச் சுற்றிப் பிடித்த கனமான வளையம், தண்டோடு சேர்ந்து சுழலும், அதே சமயம் தண்டின் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டும் போகும்.

சுழன்றுகொண்டே இருக்கும் தலையை எப்படி முன்னால் தள்ளுவது? இதுதான் மெஷினில் ரசிக்க வேண்டிய இடம். தண்டு திடமானது அல்ல, உள்ளே குழல். அதன் ஒரு பக்கம் நீளவாக்கில் ஒரு காடி (நீண்ட பிளவு) வெட்டியிருக்கும். குழலுக்குள் மெல்லிய கம்பி ஒன்று. கம்பியின் முனை அந்தக் காடி வழியாக எட்டிப் பார்த்து வெளியே இருக்கும் தலையோடு பூட்டப்பட்டிருக்கும். கம்பியின் மறுமுனை தண்டின் வாயிலிருந்து வெளியே வந்து, சுழலும் மூட்டு ஒன்றின் வழியாக ஒரு பற்சட்டத்தோடு சேரும். கம்பி சுழலும், பற்சட்டம் சுழலாது. பற்சட்டத்தின் பற்களில் ஒரு சின்னப் பல்சக்கரம், அதைத் திருப்ப எடை தொங்கவிட்ட நெம்புகோல். எடை மெல்ல இறங்க இறங்கப் பல்சக்கரம் திரும்பும், பற்சட்டம் நகரும், கம்பி நகரும், உள்ளே தலை ஓர் இழை முன்னேறும். நெம்புகோல் தரையைத் தொடும்போது தூக்கி அடுத்த நிலைக்கு வைக்க ஓர் ஆள்.

இப்போது டூல் எதைப் பார்த்து நடக்கிறது? தண்டைப் பார்த்து. தண்டு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? சிலிண்டருக்கு வெளியே உள்ள பேரிங்குகளின் மேல். வார்ப்பு எவ்வளவு கோணலாக இருந்தாலும் டூலுக்கு அது தெரியாது. மேடு வந்தால் ஆழமாக வெட்டும், பள்ளம் வந்தால் தொடாமல் காற்றில் சுழலும். இரண்டு மூன்று முறை போய்வந்தால் பள்ளமும் எட்டிவிடும், கடைசியில் மிஞ்சுவது தண்டின் அச்சைச் சுற்றிய வட்டம்.

விறைப்பிலும் பெரிய ஆதாயம். ஒரே தண்டு, ஒரே நீளம், ஒரே பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மட்டும் சுவரில் பதித்து மறுமுனையில் பாரத்தைத் தொங்கவிட்டால் வரும் தொய்வு பதினாறு பங்கு என்றால், இரண்டு முனையையும் தாங்கி நட்ட நடுவில் பாரத்தை வைத்தால் ஒரு பங்குதான். அதுவும் பாரம் நடுவில் இருக்கும் மோசமான நிலைக்கு. முனைகளுக்குப் பக்கத்தில் இன்னும் குறைவு.

வில்கின்சன் குடைந்த சிலிண்டர் 1775-ல் பர்மிங்ஹாம் அருகே சோஹோவுக்கு வந்து, கின்னீலிலிருந்து கொண்டுவந்திருந்த இயந்திரத்தின் வெள்ளீய சிலிண்டரை வெளியேற்றியது. இயந்திரம் ஓடியது. 1776-ல் இரண்டு பெரிய இயந்திரங்கள்: டிப்டனில் புளூம்ஃபீல்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கு 50 அங்குல சிலிண்டர், வில்கின்சனின் சொந்த இரும்பு உலைக்குக் காற்றூத 38 அங்குல சிலிண்டர். அந்த 50 அங்குல சிலிண்டரில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மேல் பிசகில்லை என்று வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்ட்டன் மகிழ்ந்து எழுதினார். ஷில்லிங்கின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இன்றைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் சிலிண்டரில் அதில் பத்தில் ஒரு பங்கு பிசகு இருந்தாலே ரீபோர் பண்ணித்தான், அதாவது மறுபடி குடைந்துதான், ஆக வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் அன்றைக்கு ஏன் கொண்டாட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 அங்குல சிலிண்டரின் சுற்றளவு ஏறத்தாழ 4 மீட்டர். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் மொத்தம் 400 சதுர சென்டிமீட்டர், அதாவது பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் உள்ள சதுர ஓட்டை. எந்தக் கொதிகலன் ஈடுகொடுக்கும்? ஒரு மில்லிமீட்டர் என்றால் 40 சதுர சென்டிமீட்டர். அதுவும் சுற்றிலும் இல்லை, மோசமான இடத்தில் மட்டும். அந்த அளவுக்குள் வந்துவிட்டால் பிஸ்டன் விளிம்பில் சணல் கயிற்றைச் சுற்றி, விலங்குக் கொழுப்பைப் பூசி இறுக்கி அடைத்துவிடலாம். சணல் ஒரு மில்லிமீட்டருக்கு அமுங்கி விரியும், ஒரு சென்டிமீட்டருக்கு விரியாது. அந்தப் பிஸ்டனின் பரப்பில் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் கிடைத்தாலே ஒன்பது டன்னுக்குப் பக்கத்தில் இழுவை வரும். அதைத் தக்கவைக்கத்தான் இத்தனை பாடு.

வேலை எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? அன்றைய டூல், கடினமாக்கிய கார்பன் எஃகு. ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் மூசையில் உருக்கிச் செய்ய ஆரம்பித்த எஃகுதான் நல்ல ரகம். கார்பன் எஃகு கொஞ்சம் சூடேறினால் முனை நீலம் பாய்ந்து கடினம் போய்விடும். ஆகவே வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 8 மீட்டர் அளவில் இருந்தால் பெரிது. சுற்றளவு 4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு இரண்டே சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னேறினால், 8 அடி நீளத்தைக் கடக்க 1,600 சுற்றுக்கு மேல், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல், ஒரே ஒரு வெட்டுக்கு! இது என் கணக்குதான். பல வெட்டுகள், டூல் மாற்றிச் சாணை பிடிக்கும் நேரம், ஆற்றில் தண்ணீர் குறைவான நாட்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு சிலிண்டர் வாரக் கணக்கில் மெஷினில் கிடக்கும்.

முதல் வெட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. மணல் அச்சில் வார்த்த இரும்பின் மேல்தோல் உள்ளிருக்கும் இரும்பைவிடக் கடினம், வெந்த மணல் வேறு ஒட்டியிருக்கும். மேலாகச் சுரண்டிக்கொண்டு போனால் டூலின் முனை அரை மணி நேரத்தில் மழுங்கிவிடும். தோலுக்கு அடியில் முனை இறங்கும்படி முதல் வெட்டை ஆழமாகப் போட வேண்டும். அப்போது தோல் அடியிலிருந்து பெயர்ந்து வரும். கடைசி வெட்டுக்கு வேறு கண்டிப்பு. நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் சூடாயிருந்த இரும்பு ஆறிச் சுருங்கும், மறுபடி ஓட்டும்போது அந்த இடத்தில் ஒரு வரம்பு விழும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அந்த வரம்பில் இடித்துச் சணலைத் தின்றுவிடும். இரவானாலும் கடைசி வெட்டை ஓட்டித்தான் முடிக்க வேண்டும்.

வில்கின்சன் மெஷினிலும் குறை இல்லாமல் இல்லை. இரண்டு முனையில் தாங்கினாலும் தண்டு கொஞ்சம் தொய்யும், தலை நடுவுக்கு வரும்போது அதிகம் தொய்யும். இதனால் வட்டம் கெடாது. தொய்ந்த இடத்திலும் டூல் தன் அச்சைச் சுற்றி வட்டமாகத்தான் வெட்டும். ஆனால் அந்த வட்டங்களின் மையங்கள் சிலிண்டரின் நடுப்பகுதியில் மயிரிழை கீழே இறங்கியிருக்கும். அதாவது குறுக்கே வெட்டிப் பார்த்தால் சரியான வட்டம், நீளவாக்கில் பார்த்தால் மிக லேசான வளைவு. தலையைத் தண்டில் ஓரிடத்திலேயே நிலையாகப் பூட்டிவிட்டு, வேலைப்பொருளை நகர்த்தினால் இந்தக் குறையும் போய்விடும். தொய்வு எல்லா இடத்திலும் ஒரே அளவாகிவிடும். இன்றைக்கு லேத்தில் இரு சென்டருக்கு (தாங்கும் முனைகளுக்கு) நடுவே போரிங் பாரை, அதாவது குடையும் தண்டை, ஓட்டி, வேலைப்பொருளைச் சேடிலில் (படுகை மேல் நகரும் பகுதியில்) கட்டிக் குடைபவர்கள் செய்வது அதைத்தான். ஆனால் அதற்குச் சிலிண்டரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமான தண்டு வேண்டும், பல டன் வார்ப்பைத் துல்லியமாக நகர்த்தும் படுகையும் வேண்டும். பெர்ஷமில் அதற்கு வழியில்லை.

இன்னொரு குறை, நீளமான ஓட்டத்தில் டூல் தேயும். ஆரம்பித்த முனையைவிட முடித்த முனை கொஞ்சம் ஒடுக்கமாக வரும். சிலிண்டரை இறுக்கிக் கட்டுவதிலும் வம்பு உண்டு. மெல்லிய சுவருள்ள வார்ப்பை அதிகம் இறுக்கினால் நசுங்கிய நிலையில் வட்டமாகக் குடைவீர்கள், கட்டை அவிழ்த்ததும் அது பழைய வடிவத்துக்குத் திரும்பி ஓட்டை நீள்வட்டமாகிவிடும். ரீபோர் செய்யும் பட்டறைகளில் இன்றும் அனுபவஸ்தர்கள் கவலைப்படுவது இதற்குத்தான்.

இதை "உலகின் முதல் மெஷின் டூல்" என்று சொல்வது வழக்கம். அது கொஞ்சம் மிகை. கடிகாரம் செய்கிறவர்களிடம் பல் வெட்டும் நேர்த்தியான சின்ன மெஷின்கள் அதற்கு முன்பே இருந்தன. கனரக வேலைக்கு, இரும்பில், இந்த அளவில் துல்லியம் தந்த முதல் மெஷின் என்றால் ஒப்புக்கொள்ளலாம்.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கு போல்ட்டன்–வாட் இயந்திரங்களின் சிலிண்டர்களில் பெரும்பாலானவை வில்கின்சனிடமிருந்துதான் போயின. போல்ட்டனும் வாட்டும் முழு இயந்திரத்தை விற்கவில்லை. வரைபடமும் சில நுணுக்கமான பாகங்களும் கொடுத்து, மிச்சமாகும் நிலக்கரிச் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினார்கள். சிலிண்டர் யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் அவர்களே சொல்லிவிடுவார்கள். 1795 வாக்கில் ஜானுக்கும் தம்பி வில்லியமுக்கும் சொத்துத் தகராறு முற்றியது. அண்ணன் வாட்டின் காப்புரிமையை மீறிக் கள்ளத்தனமாக இயந்திரங்கள் செய்து விற்ற கதையைத் தம்பி போய் போல்ட்டன்–வாட்டிடம் போட்டுக்கொடுத்தார். அத்தோடு உறவு முறிந்தது. 1796-ல் சோஹோ வார்ப்பாலையைத் திறந்து அவர்களே சிலிண்டர் வார்த்துக் குடைய ஆரம்பித்தார்கள்.

அங்கே வேலை பார்த்த வில்லியம் மர்டாக் 1799-ல் வாங்கிய காப்புரிமையில் போரிங் தண்டைச் சுழற்ற வேறு ஏற்பாடு ஒன்று வருகிறது. சாதாரணப் பல்சக்கரங்களுக்குப் பதிலாக, திருகுப்புரி போட்ட தண்டு ஒன்று பெரிய சக்கரத்தின் பற்களைத் தள்ளித் திருப்பும், இன்று வோர்ம் கியர் என்று சொல்கிறோமே, அது. ஒரே படியில் வேகம் நன்றாகக் குறையும். அதைவிட முக்கியம், பல்லோடு பல் மோதும் அதிர்ச்சி டூலுக்குப் போகாது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் பெரிய சிலிண்டர்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தே குடையும் மெஷின்கள் வந்தன. தண்டு தன் எடையால் பக்கவாட்டில் தொய்யாது, சிலிண்டரும் தன் எடையால் சப்பையாகாது, வெட்டிய துருவல் டூலின் வழியில் குவியாமல் நேரே கீழே விழுந்துவிடும்.